அருவி ஊரில் வெந்நீர்

கோத்தா திங்கிக்கு வெளியூர்க்காரர்கள் முந்தாஹாக் மலையடிவார அருவியின் குளிர்ச்சியைத் தேடி வருகிறார்கள். டிசம்பர் அடைமழையில் எங்கள் ஊர்க்காரர்கள் தேடுவதோ வெந்நீரை!

அம்மா வீட்டுக் குளியலறை ஹீட்டருக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் வெந்நீர் வருகிறது. மாற்றலாமா? “நல்லாத்தானே ஓடுது” என்கிறார் அம்மா. நியாயம்தான். புதியதும் அதே 3,600 வாட் இழுத்தால் மின்கட்டணம் குறையப்போவதில்லை.

ஆனால், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூர் ஆறு வீடுகளுக்குள் புகுந்த ஊர் இது. ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் ஆபத்து. வயர்மேனை அழைத்து எர்த் இணைப்பைச் சோதித்தோம், சரியாக இருந்தது. 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை மட்டும் புதிதாகப் பொருத்தினோம். ஹீட்டர் தப்பியது!

அந்தக் கருவியின் ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். துண்டிக்காவிட்டால், வெந்நீர் வந்தாலும் குளிக்க வேண்டாம்.