பாண்டி டூ காரைக்கால்: அம்மா குறிச்ச தேதி

வர்ற டிசம்பர்ல காரைக்கால் போறதா முடிவாகியிருக்கு. கருவடிக்குப்பத்துல இருந்து சுமார் 140 கிலோமீட்டர்தான். "இதுக்கெல்லாம் ஒரு திட்டமா? காலைல கிளம்பினா மதியச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாமே"ன்னு மச்சான் சிரிக்கிறார். தூரத்தை மட்டும் பார்த்தா அவர் சொல்றது சரிதான். எனக்குச் சிக்கல் தூரம் இல்லை, தேதி.

தேதி அம்மா குறிச்சது. 2004 டிசம்பர் 26 சுனாமியில அம்மாவோட பள்ளிக்கூடத்துச் சிநேகிதி காரைக்கால் பக்கத்துக் குப்பம் ஒண்ணுல போயிட்டாங்க. வருஷா வருஷம் அந்த நாள்ல குப்பத்து ஜனங்க கடல்ல பால் ஊத்தி, பூத் தூவி அஞ்சலி செலுத்துவாங்க. "முட்டி ஒத்துழைக்கிறப்பவே ஒரு தடவை போயிட்டு வந்துடணும்டா" என்கிறாங்க. பொங்கலுக்கு அப்புறம் போலாமே, வானம் தெளிஞ்சிருக்கும், வயல்ல பச்சையும் பார்க்கலாம்னு சொல்லிப் பார்த்தேன். "பொங்கலுக்கு அப்புறமா அலை வந்துச்சு?"ன்னு ஒரே கேள்வி. அதோட நான் கப்சிப்.

ஆக தேதி அம்மாவோடது, மிச்சமெல்லாம் என்னோடது.

வடக்கே குளிர்காலப் பயணம்னா ஸ்வெட்டர் எடுத்து வைப்பாங்க. நம்ம கடற்கரையில பார்க்க வேண்டியது வானிலை அறிக்கை. வடகிழக்குப் பருவமழைக்கு அக்டோபர், நவம்பர், டிசம்பர்னு கணக்கு. டிசம்பர் கடைசின்னா மழை ஓய்ஞ்சிருக்கும்னு ஒரு நம்பிக்கை உண்டு. தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறினது 2011 டிசம்பர் 30 காலையில. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி நம்ம ஊரையொட்டிக் கரை கடந்தது, பாண்டியில ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. வீட்டுக்கு வீடு அந்தக் கதை இருக்கு.

இதுல கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. ஃபெஞ்சல் கரை கடந்த பிறகு, சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணை வழியா வந்து கடலூரை மூழ்கடிச்சது. அதாவது நம்ம தலைக்கு மேல வெயில் அடிச்சாலும், எங்கேயோ மலையில பெஞ்ச மழை ஒரு நாள் கழிச்சு வந்து ரோட்டை மறிக்கும். அதனால கிலோமீட்டர எண்ணுறத விட்டுட்டு ஆறுகளை எண்ணினேன். அரியாங்குப்பத்து ஆறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், அப்புறம் காவிரியும் அதோட கிளைகளும். எல்லாம் கடலுக்குப் போற கடைசி இடத்துலதான் நாம குறுக்க தாண்டறோம். இங்க உள்ளூர் மழையை மட்டும் பார்த்தாப் போதாது, அணை நிலவரமும் பார்க்கணும்.

இப்ப போட்டு வச்சிருக்கிற திட்டம்:

அலை வந்தது காலை எட்டரை, ஒன்பது மணி வாக்குல. 26-ஆம் தேதி காலைல கிளம்பினா சரிப்படாது, 25-லயே போயிடணும். அன்னிக்குக் கிறிஸ்துமஸ். வேளாங்கண்ணிக் கூட்டமும் இதே ரோடுதான், பாண்டிக்கு வர்ற கூட்டம் வேற. டிசம்பர் கடைசில ஆறரை மணி வாக்குலதான் விடியும், சாயங்காலம் ஆறுக்கு முன்னாடியே சூரியன் போயிடும். விடிஞ்சதும் கிளம்பினா, ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை, மரப்பாலம், முருங்கப்பாக்கம்னு ஊரைத் தாண்டறதுதான் மொத்தப் பயணத்துலயே கஷ்டமான பகுதி :-)

கடற்கரைப் பயணம்னு பேரே தவிர, கடலூர் தாண்டினா ரோட்டுல இருந்து கடல் கண்ணுல படாது. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் திரும்பித்தான் கடலைப் பார்க்கணும். முட்டி வலியோட வர்ற அம்மாவுக்கு ரெண்டு திருப்பம் போதும்னு முடிவு.

ஒண்ணு, சிதம்பரத்துல இருந்து பிச்சாவரம். 2004-ல அந்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவுன்னு ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. அதை அம்மாகிட்ட நேர்ல காட்டணும். படகு ஏறணும்னு இல்லை, கரையில உக்கார்ந்தாலே போதும். சிதம்பரத்துல சம்பா சாதம், கொத்சு கட்டாயம். ஆனா ஆருத்ரா தரிசனம் எப்ப வருதுன்னு காலண்டர்ல பார்த்துக்கணும், அந்த நாட்கள்ல ஊருக்குள்ள கார் நகராது.

ரெண்டு, தரங்கம்பாடி. டேனிஷ்காரங்க 1620-ல கட்ட ஆரம்பிச்ச கோட்டை, பக்கத்துலயே கடல் அரிச்சும் நிக்கிற மாசிலாமணிநாதர் கோயில். அங்கிருந்து காரைக்கால் கிட்டத்தான். பூம்புகாரை இந்தத் தடவை விட்டாச்சு. திருநள்ளாறும் போகணும்னு அம்மாவுக்கு ஆசை, 26 சனிக்கிழமையா அமைஞ்சா மட்டும் மறுநாளைக்கு.

இவ்வளவும் போட்டுட்டு, சொல்லாம வச்சிருந்த விஷயத்தைப் போன வாரம் அம்மாகிட்ட சொன்னேன். 22-ஆம் தேதிக்கு மேல வங்கக்கடல்ல தாழ்வு மண்டலம் உருவானா, ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை ஏதாவது வந்தா, வண்டியை எடுக்க மாட்டேன். கிளம்புற அன்னிக்கு ராத்திரி சொன்னா அழுகையும் சண்டையும் ஆகிடும், அதான் இப்பவே.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, அப்படி ஆனா புயல் போனப்புறம் சோலை நகர் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போ. அங்க பால் ஊத்துறேன். அவ போனதும் இந்தக் கடல்தானே"ன்னாங்க. மாற்றுத் திட்டம் ரெண்டு கிலோமீட்டர்ல முடிஞ்சுபோச்சு. மச்சானுக்கு இதைச் சொன்னப்போ அவர் சிரிக்கல.

டேங்க்கைப் பாண்டியிலயே நிரப்பிடுவேன். ரெண்டு செட் மாத்துத் துணி, டார்ச், அம்மாவோட மாத்திரை ஒரு வாரத்துக்கு. காரைக்கால் பக்கத்து நண்பர்கள் யாராவது இருந்தா ஒரு தகவல் வேணும்: முட்டி மடக்க முடியாதவங்க மணல்ல ரொம்ப நடக்காம தண்ணி கிட்ட போக எந்த இடம் வசதி?