9 குச்சியும் 77 எண்ணும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, தெரபிஸ்ட்டும் இல்லை. பொட்டி தட்டுற ஆளு. விஷயம் தெரிஞ்சவங்க, தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டலாம்.

பக்கவாதம், பார்கின்சன் மாதிரி நரம்பு வியாதி வந்தவங்களோட கை எவ்வளவு வேலை செய்யுதுன்னு எப்படி அளக்குறாங்க தெரியுமா? ஒரு கிண்ணத்துல 9 குச்சி. எதிரே 9 ஓட்டை போட்ட பலகை. ஒவ்வொண்ணா எடுத்துச் சொருகணும், அப்புறம் ஒவ்வொண்ணா உருவித் திரும்பப் போடணும். பக்கத்துல ஒருத்தர் ஸ்டாப்வாட்ச்சோட உக்காந்திருப்பார். நைன் ஹோல் பெக் டெஸ்ட்னு பேரு. நல்லா இருக்குற ஆளுக்கு சுமார் 20 விநாடி ஆகும். இன்னொண்ணு பாக்ஸ் அண்ட் பிளாக். நடுவுல தடுப்பு வச்ச பெட்டி, 2.5 செ.மீ. மரக்கட்டைகள் 150. ஒரு நிமிஷத்துல இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் எத்தனை மாத்துறீங்களோ அதான் மார்க்.

மட்டமா நினைக்காதீங்க. செலவு இல்லை, கரண்ட் வேண்டாம், உலகம் பூரா நம்புறாங்க. ஒரே குறை, கடைசியில கையில கிடைக்கறது ஒத்தை எண். நம்ம பாஷையில சொன்னா, ரிக்வெஸ்ட்டுக்கு 40 செகண்ட் ஆச்சுன்னு மட்டும் தெரியும், லாக் ஃபைல் கிடையாது. எங்கே மாட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இது எனக்குப் புரிஞ்சது பெரியப்பாவால. ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்கு ஸ்ட்ரோக். வலது கையில பலம் ஓரளவு திரும்பிடுச்சு, உணர்ச்சி திரும்பலை. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டா சாவியா சில்லறையான்னு தெரியாது, வெளியே எடுத்துப் பாக்கணும். காபி டம்ளரைப் பிடிச்சா அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருப்பார். கண்ணை எடுத்தா நழுவிடும். "கை இருக்குடா, தகவல்தான் வரமாட்டேங்குது" என்பார். அவரோட தெரபிக்கு வந்த இன்னொருத்தருக்குக் கை நடுக்கம். குச்சியை அழகா எடுப்பார், ஓட்டைகிட்ட வந்ததும் இங்கயும் அங்கயும் தாண்டித் தாண்டிப் போகும். ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் ஆச்சு. ஒரே எண், வேற வேற கதை.

அந்த லாக் ஃபைலைத்தான் சூரிச்சுல எழுதிட்டு இருக்காங்க. ஈ.டி.எச். பல்கலைக்கழகத்துல விர்ச்சுவல் பெக் இன்சர்ஷன் டெஸ்ட்னு ஒண்ணு வச்சிருக்காங்க. தலையில ஒண்ணும் மாட்ட வேண்டாம். எதிரே திரையில 9 குச்சி, 9 ஓட்டை. கையில ஒரு சின்ன ரோபோவோட கைப்பிடி. அழுத்திப் பிடிச்சா குச்சி வரும், தளர்த்தினா விழும். பலகையில இடிச்சா கைக்கு இடிக்கும்! கை போன பாதை, வேகம், அழுத்தம் எல்லாம் பதிவாகுது.

ஆனா லாக் எழுதறது சுலபம், எந்த வரி முக்கியம்னு சொல்றதுதான் கஷ்டம் (நம்மள்ல யாருக்குத் தெரியாது?). இந்தப் பரிசோதனையிலேர்ந்து 77 அளவுகளை எடுத்து, நரம்புப் பிரச்சினை இல்லாத 120 பேர், இருக்குற 89 பேர்கிட்ட சோதிச்சு, தேறினது 10-ன்னு 2020-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. வயசால வர்ற வித்தியாசத்தைக் கழிச்சாங்க. அதே ஆள் மறுபடி செஞ்சா அதே எண் வருதான்னு பாத்தாங்க. எனக்குப் பிடிச்சது இது: ரெண்டாவது தடவை ஸ்கோர் ஏறினா, கை தேறிச்சா, இல்ல கேம் பழகிடுச்சா? அதையும் விடலை. 77-ல 67-ஐத் தூக்கிப் போட ஒரு தைரியம் வேணும் சாமி. எங்க ஆபீஸ் டாஷ்போர்டுல ஒரு கிராஃபை எடுக்கவே மூணு மீட்டிங்.

இன்னொரு பக்கம் ரோபோவே வேண்டாம், கேமரா போதும்னு ஒரு வழி. 2013-ல வந்த லீப் மோஷன் அப்படித்தான். அதையும் ஹெட்செட்டையும் சேத்து, மாட்ரிட் கார்லோஸ் மூன்றாம் பல்கலைக்கழகத்துல பார்கின்சன் நோயாளிகளுக்கு மரக்கட்டை டெஸ்ட்டையே வி.ஆர்.ல செஞ்சாங்க. 2019 கடைசியிலேர்ந்து ஓக்குலஸ் குவெஸ்ட் ஹெட்செட் தானாவே விரலைப் பாத்துக்குது. மலிவு, வீட்டுலயே செய்யலாம். ஆனா ரெண்டு இடத்துல உதைக்குது. இறுகி மூடின கையில விரல்கள் கேமராவுக்குத் தெரியாது, மென்பொருள் யூகிக்கும். யாரை அளக்கணுமோ அவங்க கையிலதான் யூகம் அதிகம். ரெண்டாவது, காத்துல இருக்குற கட்டைக்குக் கனமும் கிடையாது, சொரசொரப்பும் கிடையாது.

நண்பன்கிட்ட குவெஸ்ட் இரவல் வாங்கி, ஒரு கட்டை அடுக்குற விளையாட்டைப் பெரியப்பாவுக்கு மாட்டிவிட்டேன். நான் 15 அடுக்கின நேரத்துல அவர் 12. அசந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சது. அங்கே எல்லாருக்குமே விரல் மரத்துப் போனதுதான், எல்லாரும் கண்ணாலதான் பிடிக்கறோம். அந்த வித்தையில பெரியப்பாவுக்கு ரெண்டு வருஷ அனுபவம் :-)

கழட்டினதும் கேட்டார், "இதுல கட்டைக்கு எடையே இல்லையேடா, நழுவினாத்தானே எனக்குப் பிரச்சினை?"

இந்த ஸ்கோரை அவரோட தெரபிஸ்ட் கேட்டா குடுக்கலாமா வேண்டாமான்னு யோசனையா இருக்கு. குடுத்தாலும், எந்தக் கருவியில எடுத்ததுன்னு பக்கத்துலயே எழுதித்தான் குடுப்பேன். பதிவர்கள்ல பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி பக்கம் யாராவது இருந்தா, கை உணர்ச்சியைத் தனியா எப்படி அளக்குறீங்கன்னு ஒரு பதிவு போடுங்களேன்.