மதிலில் ஒரு வழி

பொத்துவில் தாண்டியதும் சாலை வடக்கே திரும்பிக் கடலோடு கூடவே வருகிறது. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, பிறகு சாய்ந்தமருது. அதற்கப்பால் ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்கும் இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "இது கல்முனைக்குடி, இறங்குங்க தம்பி" என்று சொல்லியிருக்காவிட்டால் மருதமுனை வரை போயிருப்பேன்.

கடற்கரைப் பள்ளியைப் பார்க்கத்தான் வந்தேன். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை பேரில் ஆண்டுதோறும் கொடியேறும் பள்ளிவாசல் அது. ஆனால் பள்ளிக்குப் போகும் ஒழுங்கைகளே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டன. இரண்டு பக்கமும் ஆள் உயர மதில், இடையிடையே தகரம், எங்கோ ஒன்றிரண்டு இடத்தில் கிடுகு வேலி, அதற்கு மேலே தலைநீட்டும் பூவரசு. உப்புக் காற்றுக்கு அசராத மரம் என்பதால் இந்தக் கரை முழுக்க அதுதான் வேலிக்கம்பு. நட்டால் துளிர்த்துவிடும். அடுத்த நாள் மருதமுனையில் நடந்தபோது மதிலுக்கு உள்ளிருந்து கைத்தறிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நெய்பவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

நான் தங்கிய வீட்டு ஹாஜியார்தான் இந்த மதில்களைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு மூன்று பெண்கள். தன் மனைவிக்குச் சீதனமாக வந்த வளவை மூன்றாக்கி, ஒவ்வொரு பங்கிலும் ஒரு வீடு கட்டி, ஒவ்வொரு மகளுக்கும் ஒன்றாகக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளைகள் வந்து இருப்பவர்கள். "ஊடும் வளவும் பொம்புளப் புள்ளைக்கித்தான் தம்பி. ஆம்புள போற இடத்துல இரிப்பான்" என்றார். எனக்கு இது புதிதல்ல. காயல்பட்டினத்திலும் வீடு மகளுக்குத்தான். ஆனால் இங்கே தமிழர், முஸ்லிம் இரு சாராரிடமும் இதே வழக்கம். இந்தக் கரை 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தோடு இருந்தது. அங்கே முக்குவர் சட்டம் என்று ஒரு தாய்வழிச் சொத்துரிமை நீதிமன்றம் வரை செல்லுபடியானது. 1876இல் வந்த சட்டம் அதன் பிடியைத் தளர்த்தியது. சீதன வீடு மட்டும் அசையவில்லை.

அதனால் ஒரு வளவு ஒரு தலைமுறையில் மூன்றாகிறது, அடுத்ததில் ஒன்பதாகிறது. கிழக்கே கடல், மேற்கே கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல். ஊர் எங்கே போகும்? நிலத்தைப் பேர்ச் கணக்கில் பேசுகிறார்கள். ஏக்கருக்கு 160 பேர்ச். ஆறு பேர்ச்சில் வீடு, கிணறு, ஒரு தென்னை, சுற்றி மதில் என்று நெருக்கியடித்து நிற்கிறது.

2004 டிசம்பர் 26 காலை இந்த நெருக்கத்துக்குள்தான் கடல் வந்தது. அந்தச் சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். வேலி போனது, மதிலும் விழுந்தது. தன் காணி எது என்று தேட கிணறுதான் அடையாளமாக இருந்ததாக ஹாஜியார் சொன்னார். பிறகு கிழக்குக் கரையில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு ஒரு கோடு போட்டது. அது பின்னால் தளர்ந்தது. மனிதர் போட்ட எல்லைகளிலேயே அதைத்தான் இவர்கள் மிகவும் வெறுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு காலையில், இரண்டாவது மகளுக்கும் மூன்றாவது மகளுக்கும் இடையில் மிஞ்சியிருந்த கடைசிக் கிடுகு வேலியைக் கட்டினார்கள். தென்னோலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டுப் பின்னிய கிடுகு. கம்புகளுக்குக் குறுக்கே வரிச்சு. கீழ் வரிசையை முதலில் கட்டி, அதன்மேல் படும்படி அடுத்தது. மழைத் தண்ணீர் வழிந்து வெளியே போகவேண்டுமே. ஹாஜியார் ஒரு பக்கம் நின்று குத்தூசியில் கயிற்றைக் கோத்துக் குத்துகிறார். அந்தப் பக்கம் நிற்கும் மருமகன் கயிற்றை வாங்கி, கம்பைச் சுற்றித் திருப்பி விடுகிறார். "இறுக்குங்க மாமா." "இறுக்கின." தனியாளாக இந்த வேலியைக் கட்டவே முடியாது. அடுத்த வீட்டோடு பேச்சு நின்றுபோனால் வேலியும் நின்றுபோகும்.

நான் இதை வியந்து சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். வருசா வருசம் இந்தத் தொல்லை என்றார். அடியில் கறையான், மேலே வெயில், இடையில் கோழி. கிடுகும் இப்போது காசுக்குத்தான். அதோடு, கம்பு மாற்றும்போதெல்லாம் ஒரு சாண் தள்ளி நடுகிறவர்கள் உண்டு. அக்காள் தங்கைக்குள்ளேயே வழக்கு வந்த வீடுகள் இருக்கின்றனவாம். மதிலுக்கு அப்படி நகரும் கால் கிடையாது. ஆனால் மதிலையும் இந்தக் கரை சும்மா விடுவதில்லை. உப்பு ஏறி அடிவரிசைக் கற்கள் மாவாக உதிர்கின்றன. தூணுக்குள் கம்பி துருப்பிடித்துப் பூச்சைப் பிளக்கிறது. ஒலுவிலில் இதைவிடப் பெரிய மதிலைப் பார்த்தேன். 2013இல் திறந்த துறைமுகத்தின் அலைதாங்கிகள் மணலின் ஓட்டத்தை மாற்ற, வடக்கே தென்னந்தோப்புகள் கடலுக்குள் போயின. அதைத் தடுக்கக் கரையெல்லாம் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது.

நான் கிளம்புவதற்கு முன் மேசன் வந்திருந்தார். வருசா வருசம் படும் தொல்லை போதும் என்று அந்தக் கடைசி வேலி இருந்த இடத்திலும் இனி மதில்தான். மூத்தவர் வீட்டுக்கும் இரண்டாமவர் வீட்டுக்கும் இடையில் ஏற்கெனவே மதில் உண்டு. அதன் பின்கோடியில், குசினிக்கு நேரே, கதவில்லாத ஒரு வழி விட்டிருந்தார்கள். காயலில் பெண்கள் தெருவுக்கு வராமல் போய்வரும் முடுக்கு நினைவுக்கு வந்தது. அங்கே வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து. இங்கே சந்துக்கு ஏது நிலம்? மதிலையே திறந்துவிடுகிறார்கள்.

மேசன் நூல் பிடித்துவிட்டு, "வழிக்கு ரெண்டரை அடி போதும்தானே ஹாஜியார்?" என்றார். ஹாஜியார் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து இளைய மகளின் குரல் வந்தது.

"ரெண்டரை அடிக்குள்ளால சோத்துச் சஹனத் தூக்கிட்டு ராத்தா எப்பிடி வார? மூணரை வைக்கச் செல்லுங்க வாப்பா!"

மேசன் முணுமுணுத்துக்கொண்டே ஆணியைப் பிடுங்கி ஓரடி தள்ளி அடித்தார். ஒரு மூட்டை சீமெந்து மிச்சம் என்று ஹாஜியார் என்னிடம் கண்ணைச் சிமிட்டினார்.