தறிக்குழியும் கணினித் திரையும்

வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலையைப் பார்ப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே பாடம் சொல்லிக்கொடுக்கும் வீட்டுவழிக் கல்வியை மேற்கொள்வதும் ஒரே கூரையின்கீழ் நிகழும்போது, இரண்டுக்கும் சேர்த்து நேரம் போதாது என்பதே பலரும் முதலில் சொல்லும் குறை. கணக்கிட்டுப் பார்த்தால் அக்குறை முழுதும் பொருந்துவதாகத் தெரியவில்லை. பள்ளி நாளில் கணிசமான பகுதி வருகைப் பதிவிலும், வரிசையில் நிற்பதிலும், வகுப்பு முழுவதும் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதிலும் கழிகிறது. ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று அமையும் கல்வியில் இவை எவையும் இல்லை. இங்கிலாந்தில் வீட்டுக் கல்விக்கு நெறி வகுத்த சார்லட் மேசன் (1842–1923), சிறு பிள்ளைகளுக்கான பாடம் ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்கு மேல் நீளலாகாது என்றும், பாடங்கள் முற்பகலோடு முடிந்து பிற்பகல் வெட்டவெளியில் கழியவேண்டும் என்றும் வற்புறுத்தினார். அவ்வளவில் பார்த்தால், தொடக்க வகுப்பு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும்.

உண்மையில் போதாமற்போவது கவனம். ஒரு பணியை முடிக்காமல் விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது முந்தைய பணியின் நினைவு மனத்தில் தங்கி, புதிய பணிக்குரிய கவனத்தைக் குறைத்துவிடுவதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் 'கவன எச்சம்' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். நேரத்தை அரை மணி அரை மணியாகக் கூறுபோட்டு அட்டவணையில் அடைத்துவிடலாம்; கவனம் அப்படிக் கூறுபடுவதில்லை. பாதி எழுதிய மின்னஞ்சலை விட்டு எழுந்துவந்து பின்னக் கூட்டலைச் சொல்லித்தரும் தாய் அல்லது தந்தையின் 'ம்' என்ற ஒலி எப்போது கேட்டறிந்த விடை, எப்போது வெறும் ஒலி என்பதைப் பிள்ளைகள் வியப்பூட்டும் நுட்பத்துடன் கண்டுகொள்கின்றனர். கண்டுகொண்டபின் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவதும் உண்டு.

வீடே பணியிடமாகவும் கற்குமிடமாகவும் இருப்பது தமிழகத்துக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில், தரையில் தோண்டிய பள்ளத்துள் காலை இறக்கி மிதிகளை இயக்கும் குழித்தறி வீட்டின் நடுவிலேயே இருந்தது. உடலையும் வேறு நிறக் கரையையும் இழைக்கு இழை பிணைக்கும் 'கோர்வை' நெசவுக்கு நெய்பவரோடு மற்றொருவரும் வேண்டும்; கரைப் பக்கத்து நாடாவை எறியும் அந்த இரண்டாம் இடத்தில் அவ்வீட்டுப் பிள்ளையே பெரும்பாலும் அமர்ந்தது. இதனால் பல தலைமுறைப் பிள்ளைகள் எழுத்தறிவை இழந்தனர் என்பதை மறைத்துவிட்டு அவ்வாழ்க்கையைப் பொற்காலமாக்குவது நேர்மையாகாது. ஆயினும் ஒரு செய்தி அதில் கவனிக்கத்தக்கது: அங்கே பெற்றோரின் வேலை கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது, பிள்ளையின் கைக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. மடிக்கணினியில் நடக்கும் வேலையோ அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அசைவற்ற ஒரு முகமாக மட்டுமே தென்படுகிறது. அதற்கு மேல், கூட்டம் நடக்கும்போது பிள்ளையின் குரல் கேட்கவே கூடாது என்றும் அது விதிக்கிறது. பிள்ளையின் உதவியை நாடிய வேலை போய், பிள்ளை அங்கே இல்லாததுபோல் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கும் வேலை வந்திருக்கிறது. வீட்டுவழிக் கல்வியோடு அது உராய்வது இந்த இடத்தில்தான். தான் சரிபார்க்கும் கணக்கு எந்தக் கடையுடையது, எழுதும் நிரல் எந்த இயந்திரத்தை இயக்குகிறது என்பதைப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லிவைக்கும் பெற்றோருக்கு அவ்வுராய்வு ஓரளவேனும் தணிகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சென்னையே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 1789 முதல் எழும்பூரில் ஆண் அனாதைகள் இல்லத்தை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதை மேற்கொண்டதோடு, மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் விரிவுபடுத்தினார். அவர் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே அது 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரில் பிரிட்டன் எங்கும் பரவியது. பெற்றோர் கூட்டத்தில் இருக்கும் முக்கால் மணி நேரத்தில் பத்து வயது அக்கா ஆறு வயதுத் தம்பிக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பிப்பது இருவருக்கும் நன்மையே. ஆனால் செலவைக் குறைக்கும் கருவியாக அம்முறை மாறியதும் பாடம் வெறும் ஒப்பித்தலாகச் சுருங்கியது போலவே, அக்காவை நிரந்தர ஆசிரியை ஆக்கிவிட்டால் அவளுடைய படிப்புத்தான் முதலில் தேயும்.

கால அட்டவணையைப் பொறுத்தவரை, வேலை எந்த நாட்டுக்காக நடக்கிறது என்பதே பலவற்றை முடிவு செய்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது இந்தியாவில் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30; அமெரிக்கர் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தைத் திருத்தும்போது சென்னைப் பெருங்குடியிலுள்ள ஒரு வீட்டின் இரவு உணவு நேரமும் உடன் நகர்கிறது. அமெரிக்க நிறுவனத்துக்கு உழைப்பவருக்கு முற்பகல் பெரும்பாலும் ஓய்வாக அமைவது சிறு பிள்ளைகளின் பாடத்துக்கு மிக வாய்ப்பானது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட 2020 மார்ச் முதல், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் தமிழ்நாட்டில் மீண்டும் திறந்த 2021 நவம்பர் 1 வரை வீடுகளில் நடந்த இணைய வகுப்பைக் கொண்டு வீட்டுவழிக் கல்வியை அளப்பது தவறு. அப்போது அலுவலகம் ஒரு கால அட்டவணையையும் பள்ளி மற்றொன்றையும் வெளியிலிருந்து விதிக்க, பெற்றோர் இரண்டுக்கும் காவலராக மட்டுமே இருந்தனர்.

பெற்றோர் என்று பொதுப்படச் சொல்வதிலும் ஒரு மறைப்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டனர். இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்க, அதன்மேல் கற்பித்தலையும் ஏற்றினால் அது யார் தோளில் அமரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை. சான்றிதழுக்கு, 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வைப் பதினான்கு வயதில் எழுதலாம். அவ்வயதில் பிள்ளை தானாகவே படித்துக்கொள்வதால் பெற்றோரின் முற்பகல் அதற்குத் தேவைப்படுவதில்லை. பதின்ம வயதினர் மனம்விட்டுப் பேசவும், படித்ததைப் பற்றி வாதாடவும் தேர்ந்தெடுக்கும் நேரம் இரவு எட்டு, ஒன்பது மணி. நியூயார்க்கில் அலுவலகம் திறந்து முதல் கூட்டம் தொடங்குவதும் அப்போதுதான்.