வாடை இறங்கட்டும், மாப்பிள்ளை

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் வரைபடமும் வந்தன. "கிறிஸ்துமஸ் லீவில் கோடியக்கரையிலிருந்து ராமேஸ்வரம் வரைக்குமாம், பாய் விரித்தேவாம்" என்று உன் அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. போகலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் நீ போட்டிருக்கும் மாதம், படகு, பாதை மூன்றையும் மாற்ற வேண்டும்.

டிசம்பரில் பாக் விரிகுடா வாடைக்காற்றின் பிடியில் இருக்கும். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 இரவில் வந்தது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16-ல். புயல் இல்லாத நாளிலும் அந்தக் கடல் லேசுப்பட்டதல்ல. நடுக்கடலிலேயே ஆழம் பெரும்பாலும் 13 மீட்டரைத் தாண்டாது. ஆழம் இருந்தால் அலை நீளமாக உருண்டு வரும். இங்கே குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து எழும். ஒன்றில் ஏறி இறங்கிப் படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். "ஆழமில்லாத கடல்தானே அத்தான்" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயம்.

மே, ஜூனும் வேண்டாம். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கும். தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும், படகு பாட்டுக்கு இலங்கை எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். 1974-ல் ஒப்பந்தம் போட்டுக் கிழித்த கோடு தண்ணீரில் தெரியாது. கோட்டுக்கு அப்பால் கிடக்கும் கச்சத்தீவு ஆசையை இப்போதே விட்டுவிடு.

தை கடைசி, மாசியில் வா. வாடை இறங்கியிருக்கும், ஆனால் தெற்கே போகிற படகைப் பின்னாலிருந்து தள்ளும் அளவுக்கு மிச்சம் இருக்கும்.

அடுத்து படகு. சிங்கப்பூரில் நீ ஓட்டிப் பழகியது அடியில் கனமான கத்தி இறங்கிய படகு. அது நம் கரையில் முதல் மணி நேரத்திலேயே சேற்றில் குத்தி நின்றுவிடும். மல்லிப்பட்டினம் பக்கம் கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். அந்தக் கடலுக்கென்றே பிறந்தது வத்தை: தட்டை அடி, மெல்லிய மரங்களில் பாய், காற்றுப் பக்கம் நீட்டிய பலகையில் ஆள் ஏறி நின்று படகைச் சமன் செய்வார். இப்போது எல்லாரும் ஃபைபர் படகுக்கும் எஞ்சினுக்கும் போய்விட்டார்கள். ஆனாலும் தொண்டிப் பக்கம் கோயில் திருவிழாக்களில் பாய்மரப் போட்டி நடக்கிறது, ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் படகில்தான் நாம் போக வேண்டும், அவர் சொல்படி. கட்டுமாவடியில் ஒரு பெரியவரோடு போயிருக்கிறேன். கழியை ஊன்றி எடுத்து, நுனியில் ஒட்டியதை விரலால் தேய்த்துப் பார்ப்பார். மணலா, சேறா, கடற்புல்லா என்று பார்த்துத்தான் படகைத் திருப்புவார். உன் ஜி.பி.எஸ்.ஸும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பாய்மர ஞானம், அல்சூர் ஏரியில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் சிப்பாய்கள் படகு பழகுவதைத் திருவள்ளுவர் சிலைப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி.

பாதை: மல்லிப்பட்டினத்தில் தொடங்கித் தொண்டியில் முடிப்போம். எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று நாள். கட்டுமாவடியில் ஒரு இரவு, கோட்டைப்பட்டினத்தில் ஒரு இரவு. கிளம்பும்போது சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் நல்ல அடையாளம். நெப்போலியன் தோற்றதற்கு நம் ஊரில் கோபுரம் கட்டியது இன்றுவரை எனக்கு வேடிக்கைதான். பாம்பன் இந்தத் தடவை கிடையாது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்குப் பகுதியை ரயிலில் போய்ப் பார்த்துக்கொள். பாலத்துக்கு அப்பால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது.

நாம் போகிற தண்ணீரில் ஒரு பெரிய பகுதி 2022-லிருந்து கடல்பசுக் காப்பகம், 448 சதுர கிலோமீட்டர். அங்கே அதை ஆவுளியா என்பார்கள். கடற்புல்தான் அதற்குச் சாப்பாடு. ஆகவே புல்மேல் நங்கூரம் போடுவதில்லை, எஞ்சின் இருந்தாலும் தூக்கியே வைக்க வேண்டும். பார்க்கக் கிடைக்கும் என்று மட்டும் ஆசைப்படாதே.

மீன்துறையிலும் கடலோரக் காவல் குழுமத்திலும் நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வா. உன் அக்கா கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் கூடவே வருவாள், சாப்பாடு அவள் பொறுப்பு. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினால் தூக்குச்சட்டி திரும்பிப் போய்விடுமாம்.

தேதி விஷயம் கடைசியாக. சீனப் புத்தாண்டு லீவு அமாவாசையை ஒட்டித்தான் வரும். அன்று ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வற்றத்தில் ஒரு முழம் குறைந்தாலும் அந்தக் கரையில் படகு தரைதட்டிவிடும். அதனால் அதற்கடுத்த வாரத்தையும் சேர்த்து லீவு எடு. அஷ்டமி, நவமியில் ஏற்ற வற்றம் குறைவு, அன்றைக்குத்தான் கிளம்புகிறோம். அஷ்டமியில் பயணமா என்று அத்தை கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது உன் வேலை. பெங்களூருக்கே டிக்கெட் போடு. இங்கிருந்து ரயிலில் தஞ்சாவூர் போய்விடலாம். லீவு கிடைத்ததும் உடனே எழுது, அதற்கப்புறம்தான் நான் படகுக்கு முன்பணம் கொடுப்பேன்.

அன்புடன்,
அத்தான்