டயர் மாற்றின கதை

போன கார்த்திகை அமாவாசையன்று, வளத்தி தாண்டி ஒரு திருப்பத்தில் என் ஸ்பிளெண்டரின் பின்சக்கரம் ஒரு சாண் வெளியே வழுக்கியது. தூறல் விட்ட நேரம், ரோடெல்லாம் ஈரம். விழவில்லை, காலை ஊன்றிச் சமாளித்துவிட்டேன். ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி "ஐயோ, அங்காளம்மா" என்று போட்ட சத்தத்தில், கழனியில் வேலையாக இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேல்மலையனூர் போய்ச் சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது, "நான் பஸ்ல வரேங்க, நீங்க பார்த்து வாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

விஷயம் மகன் காதுக்குப் போயிற்று. "வண்டிய வித்துடுங்கப்பா, எங்க போகணும்னாலும் ஆட்டோ வெச்சுக்கலாம்" என்றான் போனில். கோபம் வந்தது. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். ஒரு வருஷமாகவே வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. திருப்பத்தில் சாய மறுக்கும். வலிந்து சாய்த்தால் திடீரென்று விழுவதுபோல் சாயும். எதிரே பஸ் வந்து, தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கி மறுபடி ஏறினால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் இழுக்கும். கோன் செட் போயிருக்கும் என்று அதை மாற்றினேன். பலன் இல்லை. ஆக, வண்டியில் கோளாறு இல்லை, 68 வயதில் கைதான் தளர்ந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மூன்று மாதம் வண்டி திண்ணை ஓரத்தில் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது.

விற்பதற்கு முன் ஒருமுறை கழுவி, சர்வீஸ் செய்து வைக்கலாம் என்று மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் இஞ்ஜினைத் தொடவே இல்லை. பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், இது டயரா பலகையா?" என்றார்.

"பட்டன் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"பக்கத்துல நின்னு பார்த்தா அப்படித்தான் இருக்கும். இப்படிப் பின்னால வந்து குந்திப் பாருங்க."

குந்திப் பார்த்தேன். ஓரத்துப் பட்டன்கள் புதுசுபோல இருந்தன. நடுவில் மட்டும் இழைப்புளி போட்டு இழைத்ததுபோல் தட்டையாக ஒரு பட்டை. பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்று சின்னதாக ஓர் அடையாளம் இருக்கிறது. அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு மேடு உண்டு. ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என் டயரில் அந்த மேடே தேய்ந்து போயிருந்தது. இன்னொன்றும் காட்டினார். டயரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். என்னுடையதில் 2314. அதாவது 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. அத்தனை வருஷ வெயிலில் ரப்பர் இறுகிப் போயிருக்கிறது. இறுகின ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது.

ஏன் நடுவில் மட்டும் தேய்ந்தது? காரணம் நான்தான். எத்தனையோ வருஷம் திண்டிவனம் போகவும் வரவும் நேர் ரோட்டிலேயே 45 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து ஓட்டியிருக்கிறேன். நிமிர்ந்து ஓடும் வண்டிக்கு டயரின் நடுப்பகுதி மட்டும்தான் தரையில் படும். மோட்டார் சைக்கிள் டயர் கார் டயர் மாதிரி தட்டை அல்ல, குறுக்குவாட்டில் உருண்டை. அந்த உருண்டையின் மேல் உருண்டுதான் வண்டி சாய்கிறது. நடு தட்டையாகிவிட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கவே பார்க்கும். சாய்க்கும்போது தட்டையின் விளிம்பில் ஏறி, அப்புறம் தொப்பென்று இறங்கும். ஒரு வருஷமாக நான் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

முன்னும் பின்னும் 2.75-18 அளவில் புதுசு போட்டோம். மதுரைப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் செய்த டயர். கடையை விட்டு வெளியே வந்து முதல் முனையில் திரும்பினேன் பாருங்கள், வேறு யாருடைய வண்டியையோ தவறி எடுத்து வந்துவிட்டோமோ என்றிருந்தது. தோளைக் கொஞ்சம் சாய்த்ததற்கே வண்டி சாய்கிறது. பழைய பழக்கத்தில் நான் பலமாகச் சாய்க்க, சாக்கடை ஓரம் வரை போய்விட்டேன். வண்டியும் ஒரு நூல் உயர்ந்த மாதிரி இருந்தது. டயர் மாற்றினால் பயம் போகும் என்று நினைத்த எனக்கு, அன்று பயம் கூடிற்று.

"ஒரு நூறு நூத்தம்பது கிலோமீட்டர் பதனமா ஓட்டுங்க சார், திடீர் பிரேக் போடாதீங்க" என்று மெக்கானிக் சொல்லித்தான் அனுப்பினார். அச்சிலிருந்து டயர் கழன்று வருவதற்காகப் பூசும் பொருளின் வழவழப்பு மேலே இருக்குமாம். அது தேய்ந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். காற்றும் முன்னால் 25, பின்னால் 28 என்று அளந்து வைத்தார். ஆள் ஏற்றினால் பின்னால் இன்னும் கூட வைக்க வேண்டும். இத்தனை காலம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே காற்றடித்தவன் நான்.

தினமும் விடியற்காலை, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகிற திருவண்ணாமலை ரோட்டில் போய் வந்தேன். 1714-ல் ஆற்காட்டு நவாபோடு மோதி உயிரை விட்ட தேசிங்கு ராஜா, தன் குதிரைக்கு லாடம் மாற்றின மறுநாள் எப்படி ஏறி உட்கார்ந்திருப்பார் என்று ஒரு நாள் யோசனை போயிற்று. செஞ்சிக்காரனுக்கு வண்டியில் ஏறினால் அந்த நினைப்பு வராமல் இருக்குமா? ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. மண்ணில் இறங்கி ஏறினாலும் ஹேண்டில் இழுக்கவில்லை. விற்கும் பேச்சை விட்டேன்.

மாசித் திருவிழாக் கூட்டத்தில் போக மனம் வரவில்லை. பங்குனி அமாவாசைக்கு, "வண்டியிலயே போகலாமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"டயர் மாத்தினீங்க சரி, கண்ணை மாத்தினீங்களா?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எதிரே லாரி விளக்கு அடித்தால் எனக்கு ரோட்டின் ஓரம் தெரிவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நடுராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்ப்பதென்றால் பஸ். பகல் தரிசனம் போதும் என்றால் வண்டி, பொழுது சாயுமுன் வீடு.

அந்தப் பங்குனிக்குப் பகலிலேயே போனோம். வளத்தி தாண்டி அதே திருப்பம் வந்தபோது என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். தாண்டின பிறகும் கொஞ்ச தூரம் கையை எடுக்கவில்லை.