ஊதா நிறப் பானமும் ஓர் அண்டை வீட்டாரின் அன்பும்



அண்டை வீட்டார் அன்போடு நீட்டும் உணவை என்ன செய்வது? பிற சமயத்தவரிடையே வாழும் நம் குடும்பங்களுக்கு இது அடிக்கடி எழும் கேள்வி. பண்டத்தின் பெயர் புதிது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. கொடுப்பவர் முகத்திலோ மாசற்ற மகிழ்ச்சி. மறுத்தால் அவர் மனம் நோகும். அருந்தினால் நம் மனம் உறுத்தும். சென்ற ரமழானில் இக்கேள்வி ஓர் ஊதா நிறப் பானத்தின் வடிவில் நம் குடும்பத்தினுள்ளேயே வந்து சேர்ந்தது.

நம் இளைய சகோதரி கணவரோடு தென் கலிபோர்னியாவில் வசிக்கிறார். அடுத்த வீட்டுப் பெண்மணி பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். அவருடைய கணவர் மெக்சிக்க வம்சாவளியினர். சகோதரி நோன்பு நோற்பதை அறிந்த அப்பெண்மணி, நோன்பு திறக்கும் வேளைக்கென்று பெரிய போத்தல் நிறையக் குளிர்பானம் கொண்டு வந்து கொடுத்தாராம். அதன் பெயர் ஊபே ஓர்ச்சாத்தா. சகோதரி அதைத் திறவாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு நமக்கு அழைப்பெடுத்தார். "நானா, அரிசியும் கிழங்கும்தான் என்று சொல்றா. வாசத்துக்கு என்ன சேர்த்தாவோ தெரியாது. குடிக்கலாமா, கொட்டிவிடவா?"

இரண்டும் வேண்டாம், முதலில் கேளுங்கள் என்றோம். அண்டை வீட்டாள் தரும் அன்பளிப்பு எத்துணைச் சிறிதாயினும் அதை அற்பமாக எண்ணலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம் பெண்களுக்குத் தந்த அறிவுரை. ஆகவே சொல்லாமல் கொட்டிவிடுவது நமக்கு அழகன்று. அதேவேளை, ஐயமுள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு அருந்துவதும் பேணுதலன்று. செய்முறையைக் கேட்பதால் எந்தப் பெண்ணும் மனம் வருந்துவதில்லை. தன் கைப்பக்குவத்தை ஒருவர் விரும்பிக் கேட்கிறார் என்றால் அவர் மகிழவே செய்வார்.

எதைக் கேட்க வேண்டும் என்பதையும் சொன்னோம். அரிசி, கறுவா, கிழங்கு, பால், சீனி ஆகியவற்றில் ஐயமில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று வனிலாச் சாறு. பல சமையற் குறிப்புகள் ஓர்ச்சாத்தாவில் இதைச் சேர்க்கச் சொல்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி வனிலாச் சாறு என்ற பெயரில் விற்கப்படுவதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். மற்றொன்று ஊபே எசன்ஸ். இதன் கரைப்பான் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும், எனவே போத்தலின் பின்புறத்தை வாசிக்காமல் ஒன்றும் சொல்ல இயலாது. உணவில் சேரும் இத்தகைய சிறு அளவு பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் இல்லத்தில் நாம் பேணுவது எளிய வழி: விட்டுவிட்டாலும் சுவை குன்றாத ஒன்றைச் சேர்ப்பானேன்?

சகோதரி கேட்டார். அப்பெண்மணி மகிழ்வோடு அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினாராம். வனிலாச் சாறு இருந்தது. சகோதரி காரணத்தை மறைக்காமல் சொன்னார். "முன்பே தெரிந்திருந்தால் விட்டிருப்பேனே" என்று அவர் கூற, அந்தப் போத்தல் அவருடைய பிள்ளைகளுக்குப் போயிற்று. ஒரு துளியும் வீணாகவில்லை. அடுத்த சனிக்கிழமை இருவரும் ஒரே அடுக்களையில் நின்று வனிலாவும் எசன்ஸும் இன்றி அப்பானத்தை மறுபடி செய்தார்கள்.

இப்பானத்தின் வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஓர்ச்சாத்தாவின் பழைய வீடு ஸ்பெயினின் வலென்சியா. அங்கே கோரைப்புல் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்து அதைச் செய்கிறார்கள். 1238இல் அந்நகர் அரகோன் மன்னரின் கைக்கு மாறும்வரை பல நூற்றாண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அக்கிழங்கின் பயிர்ச்செய்கை அங்கு வேரூன்றியதும் அக்காலத்தில்தான். ஸ்பானியர் வழியே மெக்சிக்கோ சென்றபோது கிழங்கின் இடத்தை அரிசி பிடித்தது, கறுவா சேர்ந்தது. இன்றும் மெக்சிக்கோ நம் இலங்கைக் கறுவாவைப் பெருமளவில் வாங்கும் நாடு.

ஊபே என்பது பிலிப்பைன்ஸ் மக்களின் ஊதாக் கிழங்கு. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவ்விரு மக்களும் பின்னர் கலிபோர்னியாவின் தோட்டங்களில் கூலியாட்களாக அருகருகே உழைத்தனர். 1965 செப்டெம்பரில் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, சில நாட்களிலேயே சேசர் சாவேஸ் தலைமையில் மெக்சிக்கத் தொழிலாளரும் அவர்களோடு இணைந்தனர். அத்தகைய அண்டை வாழ்வில் அவரவர் அடுக்களைகளும் கலந்ததில் வியப்பில்லை.

சகோதரி அனுப்பிய படத்தைக் கண்டதும் நம் உம்மா, "இது நம்மட இராசவள்ளிக் கிழங்கல்லவா!" என்றார். உண்மைதான், ஊபேயும் இராசவள்ளியும் ஒரே இனக் கிழங்கு. 1990இல் வெளியேற நேரும்வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர் அவர். தேங்காய்ப் பாலும் சீனியும் இட்டு அவர் காய்ச்சிய இராசவள்ளிக் கஞ்சியின் நிறம் நம் இளமை நினைவுகளில் நிலைத்த ஒன்று. எனவே சந்தையில் கிழங்கு கிடைத்த நாளில் நம் வீட்டிலும் இப்பானத்தைச் செய்தோம். ஆறு பேருக்கான அளவு இது.

வெள்ளைப் பச்சரிசி ஒரு கோப்பை, கறுவாப்பட்டை ஒரு விரல் நீளம், இராசவள்ளிக் கிழங்கு கால் கிலோ, தேங்காய்ப் பால் ஒரு கோப்பை, சீனி நான்கு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

அரிசியைக் கழுவி, நொறுக்கிய கறுவாவோடு நான்கு கோப்பை கொதிநீரில் இட்டு, ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் ஊறிய நீரோடு பிளெண்டரில் இரண்டு நிமிடம் அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். ஒருமுறை மட்டும் வடித்தால் மாவு நாவில் மணல்போல் தட்டும்.

கிழங்கைத் தோலோடு அவிப்பதே நன்று. பச்சையாகச் சீவினால் சிலருக்குக் கை அரிக்கும். சீவத்தான் வேண்டுமெனில் கையில் எண்ணெய் பூசிக்கொள்ளுங்கள். நன்கு வெந்தபின் தோலுரித்து மசித்து, தேங்காய்ப் பால், சீனி, உப்புச் சேர்த்துக் கூழாக அரையுங்கள். கடைப் பானத்தின் பளீரென்ற ஊதா வராது. வெளிறிய ஊதாதான் வரும். அதுவே கிழங்கின் மெய்யான நிறம். தேசிக்காய்ப் புளி விட்டுவிடாதீர்கள். புளிப்புப் பட்டால் நிறம் இளஞ்சிவப்பாக மாறிவிடும்.

குவளையின் அடியில் மூன்று கரண்டி கிழங்குக் கூழ், அதன்மேல் பனிக்கட்டி, அதன்மேல் அரிசிப் பால். பிள்ளைகள் இரு நிறங்களையும் பார்த்து மகிழ்ந்தபின் தாமே கலக்கிக்கொள்வார்கள். நீரிழிவு உள்ள முதியோருக்குச் சீனியை விட்டுவிட்டாலும், அரிசியும் கிழங்கும் மாப்பொருள்களே என்பதை மறவாமல் அரைக் குவளையோடு நிறுத்துங்கள்.

ஊறவைக்கும் பானங்களில் காலம் முக்கியம். நபி (ஸல்) அவர்களுக்காகப் பேரீச்சம்பழமும் உலர் திராட்சையும் நீரில் ஊறவைக்கப்பட்டதையும், மூன்றாம் நாளுக்குமேல் அவர்கள் அதை அருந்தாததையும் நாம் மத்ரஸாவில் கற்பிக்கிறோம். புளித்து மாறும் முன் அருந்திவிட வேண்டும் என்ற அந்தப் பேணுதல் அரிசி நீருக்கும் பொருந்தும். நம் வெப்பத்தில் வெளியே வைத்த அரிசி நீர் ஓர் இரவிலேயே கெடத் தொடங்கும். குளிரில் வைத்தாலும் இரண்டு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். தேவைக்கு மேல் செய்யாதீர்கள்.

வெளிநாடுகளில் வாழும் சகோதர சகோதரிகளே, அடுத்த வீட்டார் ஒரு பாத்திரத்தோடு வாசலில் நின்றால் முதலில் முகம் மலருங்கள். பின்னர் தயங்காமல் கேளுங்கள்; நம் வரம்பை மென்மையாகச் சொல்லுங்கள். நாம் வாய் திறவாதிருந்தால் அவர்கள் நம்மைப் பற்றி அறிய வழியேது? பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காமல், நோன்புக் கஞ்சியோ வட்டிலப்பமோ வைத்துக் கொடுங்கள். அதில் என்னென்ன சேர்த்தீர்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கும் உண்ணக் கூடாதவை இருக்கலாம்.

ஹலாலானதைத் தேடி உண்ணவும், அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.